ஓர் எழுத்து கூடிப்போன விண்கல்

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு அந்தக் கல் விழுந்தபோது, அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் டாக்டர் புஷ்பவல்லிதான். கிடங்குக்காரர் கூரை போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கிரேனிலிருந்து ஏதோ கழன்று விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அங்கே லோரி ஓட்டும் அவள் புருஷன் குரு மட்டும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, "இது உன் ஆளா பாரு" என்று அனுப்பி வைத்தான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சோற்றில் கை வைத்திருந்த புஷ்பவல்லி அப்படியே எழுந்தாள். கையைக் கழுவினாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. கையுறையும் அலுமினியத் தாளுமாகக் காரில் ஏறிப் பறந்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர் மழைதான் சாயங்காலமானால் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்குமே. நனைந்தால் அந்தக் கல் அவ்வளவுதான்.

மழை முந்தவில்லை. அவள்தான் முந்தினாள்.

புஷ்பவல்லி புவிவேதியியல் படித்தவள். படிப்பின் பெயரில் புவி இருக்கிறதே தவிர, பூமியின் மேல் அவளுக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. பூமி உருவாவதற்கு முன்னால் இங்கே சுற்றிக்கொண்டிருந்த தூசியில் என்னென்ன கலந்திருந்தது, தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது, இதுதான் அவள் பிழைப்பு. அதற்கு விண்கல் வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கடுகளவு துணுக்குகளிலேயே காலத்தை ஓட்டியவளுக்கு, இப்போது தேங்காய் மூடி அளவுக்கு ஒரு முழுக் கல், புத்தம் புதிதாக. வெளியே கருகிய தோல். உடைந்த ஓரத்தில் முட்டைக்கோஸ் அவித்த வாடை. அப்படி வாடை அடிக்கிற கல் அபூர்வத்திலும் அபூர்வம். உயிர் தோன்றுவதற்கு முந்திய கரிமச் சரக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். காரில் உட்கார்ந்து அவள் முகர்ந்து முகர்ந்து பார்த்துக் கண்ணீர் விட்டாள். வெளியே நின்ற குரு, "எனக்காக இப்படி ஒரு நாளும் அழுததில்லயே இவ" என்று டயரை ஓர் உதை விட்டான்.

அவள் வேலை பார்த்தது சுங்கை வேயில், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் குடியிருந்த பாறைப் பேராய்வு மையத்தில். மையத்தில் பாறைகள் குறைவு. பேராய்வு அதைவிடக் குறைவு. கூட்டங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கூட்டமும் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "நேர்மை! நேர்த்தி! நேரம்!" என்று முழங்குவார்கள். முழங்கிவிட்டு, இன்னும் வராத தலைவருக்காக உட்கார்ந்து கறிபாப் தின்பார்கள். தலைவர் வந்ததும் மறுபடி எழுந்து முழங்குவார்கள், ஏனென்றால் முதல் தடவை முழங்கியது அவர் காதில் விழவில்லை அல்லவா.

கல்லை ஈரம் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மறுநாள் சொத்துப் பதிவு அதிகாரி பரமேஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டாக்டர், புதுசா ஒரு பொருள் உள்ள வந்திருக்காமே. பேரு என்ன?"

"மீட்டியோரைட் சார். விண்கல்லு."

"சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது லா. மீட்டர் இருக்கு. மீட்பால் இருக்கு. மீட்பால்னு போட்டுரவா?"

"ஐயோ வேணாம் சார்!"

"அப்ப மலாய்ல வேற பேரு ஏதாச்சும் சொல்லுங்க."

"தாஹி பிந்தாங்" என்றாள் புஷ்பவல்லி.

எரிகல்லுக்கு மலாயில் வழங்கும் பழைய பெயர் அது. தாஹி என்றால் மலம். பிந்தாங் என்றால் நட்சத்திரம். ஆகாயத்தில் நட்சத்திரம் வெளிக்குப் போனால் பூமியில் கல் விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். எந்த விஞ்ஞானியும் இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்ததில்லை என்பது புஷ்பவல்லியின் கட்சி. பரமேஸ்வரனும் அதையேதான் தட்டினார். ஆனால் அவருடைய கணினி, மனிதர்கள் பாதி தட்டும்போதே மீதியைத் தானே நிரப்பிவிடும் அதிபுத்திசாலிக் கணினி. மலாயை ஆங்கில எழுத்தில்தானே எழுதுவது; அது பிந்தாங்குக்கு நடுவில் a என்று ஓர் எழுத்தைச் சொருகிப் பினாத்தாங் ஆக்கிவிட்டது. பினாத்தாங் என்றால் மிருகம்.

ஆக, மையத்தின் சொத்துப் பதிவில் அன்றைக்கு ஏறியது இதுதான்: மிருக மலம், ஒன்று, நல்ல நிலையில், குளிர்சாதன அறையில்.

அடுத்த வாரமே புஷ்பவல்லியின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மிருகக் கழிவைப் பதுக்கி வைத்திருப்பது ஒழுங்கீனம் என்றும், வரும் வெள்ளிக்கிழமை காலை மேற்படி கழிவு சுத்தியலால் பொடிக்கப்பட்டு, இயக்குநர் அறை வாசலில் இருக்கும் காகிதப்பூச் செடிகளுக்கு உரமாக இடப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அடியில், 'பசுமை காப்போம்' என்று ஓர் இலை வேறு வரைந்திருந்தார்கள்.

அவள் ஓட்டமும் நடையுமாகப் பரமேஸ்வரன் அறைக்குப் போனாள்.

"சார், அது சாணி இல்ல சார். கல்லு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க டாக்டர்."

"எல்லாரும்னா யாரு? இதுக்கு முன்னாடி யாராச்சும் சொன்னாங்களா?"

"சொன்னதில்ல. சொல்வாங்க. அதுக்குத்தானே ரூல்ஸ் போட்டு வச்சிருக்கு."

"நீங்களே வந்து ஒரு தடவ கண்ணால பாத்துருங்க சார். ரெண்டு கதவு தள்ளிதான் இருக்கு."

பரமேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை வந்தது. "டாக்டர், நான் பதிவு. பார்வை வேற டிபார்ட்மென்ட். இந்த மையத்துல சேந்ததுலேருந்து ஒரு பொருளையும் நான் கண்ணால பாத்ததில்ல. ஏன்னு கேளுங்க. பாத்துட்டா மனசு பொருள் பக்கம் சாஞ்சுடும். பதிவுல 'நாற்காலி'ன்னு இருக்கும், அங்க போய்ப் பாத்தா மேசை நிக்கும். அப்ப நான் எதை நம்புறது? பாக்காத வரைக்கும் அது நாற்காலிதான். அந்த நேர்மைக்குத்தான் எனக்கு மூணு தடவ சிறந்த ஊழியர் விருது குடுத்தாங்க."

"அந்த விருதையாச்சும் பாத்தீங்களா சார்?"

"பதிவுல இருக்கு" என்றார் பரமேஸ்வரன்.

மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கழிவு மெய்த்தன்மைக் குழு என்று ஒன்று மையத்தில் இருந்தது. அது கூடி, பொருள் கழிவு அல்ல என்று சொன்னால் பிழைக்கலாம். புதன்கிழமை கூடியது. எழுந்தார்கள், முழங்கினார்கள், கறிபாப் தின்றார்கள். சாணம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் வெளியிலிருந்து நிபுணர் ஒருவரை அழைத்திருந்தார்கள். கிள்ளானில் பூனைகளுக்கு ஊசி போடும் கால்நடை மருத்துவர் ஹைதர். நல்ல மனுஷன். சாணத்தைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சாணத்தைப் பார்க்க வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சற்றே திறக்கச் சொல்லி மூக்கை நீட்டினார்.

"வாசனை இருக்கே."

புஷ்பவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், அது கரிமச் சேர்மங்களோட வாசனை."

"முட்டைக்கோஸ் வாசனை" என்று திருத்தினார் ஹைதர். "அப்ப இலை தழை தின்னுற ஜீவன். புலி, சிங்கம் கிடையாது, பயப்படாதீங்க."

குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஹைதர் பேனாவால் கல்லைத் தட்டினார். டங் என்றது. அவர் முகம் வாடிவிட்டது. "ச்சே, ச்சே. இவ்வளவு கெட்டியா! வெளிய வேற கருகிப்போய்க் கிடக்கு. உடம்புல எவ்வளவு சூடு இருந்திருக்கணும்! பாவம், போறதுக்குள்ள அந்த ஜீவன் என்ன பாடு பட்டுச்சோ. தண்ணியே காட்டல போல."

"வளிமண்டலத்துல உரசி எரிஞ்சது டாக்டர் அது!"

"எரிச்சல் இருக்கத்தான் செய்யும்மா" என்றார் ஹைதர் ஆதரவாக.

புஷ்பவல்லிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஹைதர் தம் அபிப்பிராயத்தை முடித்தார். இன்ன மிருகம் என்று தெரியாத சாணம் நோய் பரப்பக்கூடும், அதனால் அழித்துவிட வேண்டியதுதான். இன்ன மிருகம் என்று தெரிந்துவிட்டால் கதை வேறு. அது நாட்டின் கால்நடை மரபு வளம், கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டும். "யாராச்சும் மிருகத்தோட பேரைச் சொல்லிட்டா என் மனசுக்கும் நிம்மதியா இருக்கும்."

அந்தச் சமயத்தில்தான் பதிவை எல்லாரும் பார்க்கட்டும் என்று சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். புஷ்பவல்லி அன்றைக்குத்தான் அதை முதல்முதலாகப் பார்க்கிறாள்.

"பினாத்தாங்கா?" கத்தியே விட்டாள். "நான் பிந்தாங்னுதானே சொன்னேன்! ஒரு எழுத்து கூடிப்போச்சு சார்! எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்!"

பரமேஸ்வரன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எழுத்து கூட்டணும்னா மேலிடத்துக்கு எழுதிப் போடணும். குறைக்கிறதுன்னா டைரக்டர் கையெழுத்தே போதும். உங்க அதிர்ஷ்டம் டாக்டர், இது குறைக்கிற கேஸ்."

அவளுக்குப் பரமேஸ்வரனைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் பறந்தாள்.

இயக்குநர் நாகையா அறையின் நடுவில் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். தையற்காரர் ஒருவர் அவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாகையாவுக்கு அந்த வருஷம் தத்தோ பட்டம் வரப்போகிறது என்று மையம் முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவர் நாகையாதான். சுவரில் அவர் ரிப்பன் வெட்டும் படங்களுக்கு நடுவே, பட்டமளிப்புப் படத்துக்கென்று ஓர் இடத்தைக் காலியாக விட்டு ஆணிகூட அடித்தாயிற்று.

"ஒரே எழுத்துதானே? எடுத்துட்டாப் போச்சு லா. குடுங்க" என்று பேனாவைத் திறந்தார். முனை தாளில் படப்போகும் நேரத்தில் அவர் வாய் சும்மா இராமல் வாசித்தது. "தாஹி... பிந்தாங்."

பேனா நின்றுவிட்டது. தையற்காரரும் நின்றுவிட்டார்.

இந்த நாட்டில் பட்டம் வாங்குவதையும் பிந்தாங் வாங்குவது என்றுதான் சொல்வார்கள். சட்டையில் குத்திவிடும் அந்த நட்சத்திரப் பதக்கத்துக்கும் அதே பெயர்தான். புஷ்பவல்லிக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"புஷ்பவல்லி, எனக்குப் பிந்தாங் வரப்போறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார். வாழ்த்துகள் சார்."

"அது வர்ற நேரமாப் பாத்து, பிந்தாங்குக்கு முன்னால இந்த வார்த்தையைப் போட்டு, கீழ நான் கையெழுத்து வேற போடணுமா? யாரு உங்களை அனுப்பினது?"

"சார், இது வானத்து நட்சத்திரம் சார்!"

"படிக்கிறவன் வானத்தையா பாப்பான்? என் சட்டையைப் பாப்பான்!"

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். விஞ்ஞானம் படித்த வாய், மூடுமா? "உண்மையில அந்தப் பேரு ரொம்பப் பொருத்தம் சார். ஒரு நட்சத்திரம் கிழடாகி, உள்ள சரக்கெல்லாம் தீந்துபோய், உப்பிக்கிட்டே வந்து, கடைசியில வெளிய தள்ளின தூசி சார் அது."

நாகையாவின் கை தம் சாயமடித்த தலைக்குப் போய், அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கியது. தையற்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேளுங்க" என்றார் நாகையா, குரலை அடக்கிக்கொண்டு. "நான் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்ல. இந்த மையத்தோட தலைவரே நான்தான். ஆனா உண்மைன்னா யார் மனசையும் நோகடிக்கக் கூடாது. மிருகத்தோடதுன்னு இருந்தா யாரு கோவிச்சுக்கப்போறா? மிருகங்க பட்டத்துக்குக் காத்துக்கிட்டு இல்ல. அதனால பினாத்தாங் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உரம் போட்டுருவாங்க. என் பூச்செடியும் வாடிப்போய்க் கிடக்கு."

அன்று சாயங்காலம் புஷ்பவல்லி வீட்டுக்கு வந்து கைப்பையை வீசிவிட்டுச் சோபாவில் விழுந்தாள். குரு கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் வாங்கிவந்து நீட்டினான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தான்.

"அந்தப் பூனை டாக்டரே வழி சொல்லிட்டாரே புஷ்பா. மிருகத்தோட பேரைச் சொன்னா கல்லைப் பத்திரமா வச்சுக்குவாங்க. ஏதோ ஒரு மாட்டுப் பேரை எழுதிக் குடுத்துட்டு வா."

"என்னையப் போய் அப்படி எழுதிக் குடுக்கச் சொல்றியா? வெளிநாட்டுக்காரன் நாளைக்கு என் மூஞ்சில காறித் துப்புவான். இத்தனை வருஷம் படிச்சது இதுக்குத்தானா? வயிறு எரியுது குரு எனக்கு."

"சரி. கல்லு வேணுமா, மானம் வேணுமா?"

"கல்லு" என்றாள் புஷ்பவல்லி. யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

எந்த மிருகம் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆடு என்றால் இவ்வளவு பெரிதாக இருக்காது. யானை என்றால் வனவிலங்குக்காரர்கள் வந்து யானை எங்கே என்பார்கள். பசு என்றால் அவன் அம்மா கிரகப்பிரவேசத்துக்குக் கொஞ்சம் கேட்டு நிற்பார். கடைசியில் எருமை என்று முடிவாயிற்று. எருமைக்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது சுத்தியலோடு தோட்டக்காரர்கள் ஆய்வுக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் சாக்கு வேறு. புஷ்பவல்லி அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பரமேஸ்வரன் அறைக்குள் பாய்ந்து, மேசையில் இருந்த தாளை இழுத்து, "எருமை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பரமேஸ்வரனின் முகம் மலர்ந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லயே டாக்டர்! நாங்க என்ன அரக்கனுங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று புஷ்பவல்லி வருஷக்கணக்காக மனுப் போட்டு ஓய்ந்திருந்தாள். அன்று மத்தியானமே அது வந்து இறங்கியது, எருமை மரபு வளத்துக்காக. தனிப் பூட்டு, தனி அலாரம், மின்சாரம் போனால் தானே ஓடும் ஜெனரேட்டர். வாசலில் ஒரு காவலாளி. கால்நடை ஒதுக்கீட்டில் வாராவாரம் ஒரு கட்டுப் புல்கூட வந்தது. கல்லுக்கு எதற்குப் புல் என்று யாரும் கேட்கவில்லை. பதிவில் எருமை இருந்தது. புல்லைக் குரு லோரியில் ஏற்றிக்கொண்டு போய், பால்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தயிர் வாங்கிவந்தான்.

இந்தச் சௌகரியத்தில் புஷ்பவல்லியின் வேலை சூடு பிடித்தது. கல்லில் ஒரு பொடியை மட்டும் எடுத்து அமிலத்தில் கரைத்துக் கரைத்து, கரையாமல் மிஞ்சியதைச் சோதித்தாள். மிஞ்சியது கண்ணுக்குத் தெரியாத மணிகள். அளந்து பார்த்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவை சூரியனுக்கு மூத்தவை. சூரியன் என்ற ஒன்று பிறக்குமுன்பே வேறேதோ நட்சத்திரம் செத்தபோது கக்கிய தூசி, அப்படியே, கலப்படமில்லாமல், அவள் கையில். வெளிநாட்டு ஆய்வு இதழ் கட்டுரையை உடனே ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. எருமையாவது, மண்ணாங்கட்டியாவது, கல் பிழைத்ததே என்று இருந்தது.

செய்தி மையத்துக்கு எட்டியதும் நாகையா சும்மா இருப்பாரா? இதற்குள் அவருக்குப் பிந்தாங் வந்துவிட்டது. தத்தோ நாகையா ஆகியிருந்தார். பெரிய மண்டபத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். எழுந்தார்கள், முழங்கினார்கள். கல்லைக் கண்ணாடிப் பெட்டியோடு மேடையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். தத்தோ நாகையா ஒலிபெருக்கியைப் பிடித்தார். சட்டையில் பதக்கம் மின்னியது.

"பெரியோர்களே! சூரியனுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு உலகமே கேக்குது. பெரிய பெரிய நாடெல்லாம் ராக்கெட் விட்டுத் தேடுது. நாம ராக்கெட் விட்டமா? இல்ல! நாம ஃபைலைப் பாத்தோம்!"

கைதட்டல்.

"ஃபைல் என்ன சொல்லுது? இது எருமையோடதுன்னு சொல்லுது. பூனை டாக்டர்... மன்னிக்கணும், கால்நடை நிபுணர் மோந்து பாத்து உறுதிப்படுத்தியிருக்கார். டாக்டர் புஷ்பவல்லி என்ன சொல்றாங்க? இது சூரியனுக்கே மூத்ததுன்னு சொல்றாங்க. ரெண்டையும் சேத்துப் பாருங்க! சூரியன் பொறக்குறதுக்கு முன்னாடியே நம்ம எருமை இருந்திருக்கு! சும்மா இல்ல, நல்லாத் தின்னு, செரிச்சு, வேலையை முடிச்சிருக்கு! உலகத்துல வேற எந்த நாட்டு எருமைக்காச்சும் இந்தப் பெருமை உண்டா?"

மண்டபம் அதிர்ந்தது. மையத்து ஊழியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஹைதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பவல்லி காதுவரை சிவந்துபோய்த் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ப் பத்திரிகை நிருபர் ஷிரீன் கையைத் தூக்கினாள். "தத்தோ, ஒரு சந்தேகம். சூரியனே இல்லாதப்ப பூமியும் இல்ல. அப்ப அந்த எருமை எங்க நின்னுச்சு?"

தத்தோ நாகையா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இது டெக்னிக்கல் கேள்வி. டாக்டர் புஷ்பவல்லி பதில் சொல்வாங்க" என்று ஒலிபெருக்கியை அவள் கையில் திணித்தார்.

புஷ்பவல்லி எழுந்தாள். எருமையும் இல்லை, மண்ணும் இல்லை, இது நட்சத்திரத் தூசி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்வரிசையில் பரமேஸ்வரன் பதிவுக் கோப்பை மடியில் விரித்து, பேனாவோடு காத்திருந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரம், அதே தோட்டக்காரர்கள் நின்றிருந்தார்கள். மேடையில் மாலைக்கு நடுவே அவளுடைய கல், கறுப்பாக, வாயில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நிக்கல" என்றாள். "நீந்திக்கிட்டிருந்துச்சு."